நொச்சி வேண்டாம் என்றீர்கள்

மாமா,

காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறுமுன் எங்கள் வீட்டு வேலியில் ஒரு கொத்து நொச்சி ஒடித்தேன். அக்காவுக்குச் சளி, ஆவி பிடிக்கட்டும் என்றுதான். திருப்பாதிரிப்புலியூர் வந்து சேரும்வரை கையில் அந்த நெடி, கூடவே உங்கள் நினைப்பு. வழியெல்லாம் புயல் அறிவிப்பு வண்டி கத்திக்கொண்டே போனது.

நீங்கள் வீடு கட்டி முடித்தபோது இதே நொச்சிக் கொம்புகளைத்தான் கொண்டுவந்தேன்.

"உப்புக் காத்துக்குத் தாங்கும் மாமா. புயலடிச்சா வளையும், உடையாது."

"நொச்சிக்கு அடியில சேர் போட முடியுமா மச்சான்?" என்று சிரித்தீர்கள். தூங்குமூஞ்சிக் கன்று வாங்கி வைத்தீர்கள். அதுபாட்டுக்கு வளரும், ஒரு வேலையும் வைக்காது என்றீர்கள். வளர்ந்தது. சருகு கூட்ட வசதி என்று அடிமரத்தை ஒட்டியே சிமெண்டும் போட்டீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் தெருவே கிளை கழிக்கும். நீங்கள் மட்டும் ஆளைத் திருப்பி அனுப்புவீர்கள்.

"நிழலுக்குன்னு வெச்சத மொட்டையடிக்கச் சொல்றியே. அப்புறம் பாத்துக்கலாம் மச்சான்."

நிழல் என்னவோ அருமையான நிழல்தான். சித்திரை வெயிலில் அங்கே உட்கார்ந்து நாம் தின்ற பலாச்சுளைக்குக் கணக்கே இல்லை. போன வருஷம் நீங்கள் போய்விட்டீர்கள். இந்த வருஷம் கிளை கழிக்க அக்கா விடவில்லை.

இப்போது மத்தியானம்தான். வானம் இருண்டதில் இலைகள் அதற்குள் மூடிக்கொண்டுவிட்டன. அடியில் சிமெண்டு வெடித்திருக்கிறது. காற்று தள்ளும்போது அந்த விரிசல் திறக்கிறது. காற்று விட்டால் மூடுகிறது. மரம் சாய்ந்திருப்பது அக்கா படுக்கும் அறைப் பக்கம். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா.

"எங்க வீட்டுக்குப் போயிடலாம் வாக்கா. இல்லன்னா முன் ரூமுலயாவது படு."

"நான் எங்கயும் வரலடா. அவரு வெச்ச மரம் என்னை என்னா பண்ணப்போவுது?"

ஆவி பிடித்துவிட்டு அந்த அறைக் கட்டிலிலேயே படுத்துவிட்டாள். பஸ்ஸும் நின்றுவிட்டதாம். அவளைத் தனியே விட மனசு வராமல் நானும் கீழே பாய் விரித்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த 'அப்புறம்' இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அது இன்றைக்கு வந்துவிட்டது மாமா. நான் சொல்லி அக்கா கேட்கவில்லை. மரமாவது உங்கள் பேச்சைக் கேட்கும். விழுந்துதான் ஆகவேண்டும் என்றால், பக்கத்துக் காலிமனைப் பக்கமாக விழச் சொல்லுங்கள்.