சலித்து அனுப்பிய மண்

எருமப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு அம்மிணி நித்யஸ்ரீக்கு அம்மா எழுதுவது. டேராடூனில் குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இந்த மண் பொட்டலத்துக்குள் கடிதத்தையும் வைக்கிறேன். போன முறை சோதனைக்கென்று நம் தக்காளிக் காட்டு மண்ணைக் கேட்டபோது, கிடக்கிறபடியே அள்ளி அனுப்பு என்று மூன்று தடவை சொன்னாய். நான் அப்படி அனுப்பவில்லை சாமி. உன் ஆராய்ச்சிக்கூடத்தில் பத்துப் பேர் பார்ப்பார்கள், உன் வீட்டு மண் இவ்வளவு குப்பையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, மாவு சல்லடையில் சலித்து, களை வராமல் விரிக்கிற மல்ச்சிங் பிளாஸ்டிக் சீட் கிழிந்து கிடந்த கருப்புத் துணுக்குகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கட்டினேன். உனக்கு அரிசி அனுப்பினால் கல் பொறுக்காமலா அனுப்புவேன், அந்தப் புத்திதான்.

நீ முடிவு சொன்னாய். பிளாஸ்டிக் கொஞ்சம்தான், கோழி எருவோடு வருகிற மருந்தை மண் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றாய். பிளாஸ்டிக் கலக்கக் கலக்க அந்தப் பிடி தளர்ந்து மருந்து தண்ணீரோடு கீழே இறங்கிவிடும் என்றும் சொன்னாயே, நான் பொறுக்கி எறிந்த துணுக்குகள்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. சலித்ததை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பாவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. நேரே உன் கந்தப்பன் மாமனிடம் போய்ச் சொல்ல, "நம்ம புள்ளையே சொல்லிருச்சு, இனி என்னங்க மாப்ள பயம்" என்று அவன் கோழிப்பண்ணையின் ஐந்து ஷெட் எருவையும் நம் காட்டிலேயே கொட்டுகிறான். கோழிக்குச் சீக்கு வந்தபோதெல்லாம் போட்ட மருந்து அதில்தான் இருக்கிறது. வேண்டாமென்றால் கூடப்பிறந்தவனை எடுத்தெறிந்ததாக ஆகும். ஏனென்று சொன்னால் உன் வேலைக்குக் கெட்ட பெயர். சீட்டை விடலாமென்றால் களையெடுக்க ஆளில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் தன் பேரக் குழந்தைக்கும் காய்ச்சிக் கொடுக்கிறாள். நேற்று பொறுக்க முடியாமல், குழந்தைக்கு இது வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க புள்ளையே நல்ல தண்ணின்னு சொல்லுச்சாமே, நீங்க ஏனுங்க பயப்படறீங்க" என்று சிரித்துவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். உன் பேரைச் சொல்லியே என் வாயை அடைக்கிறார்கள்.

இந்த மண்ணைத் துணுக்கும் வேருமாகக் கிடந்தபடியே அள்ளியிருக்கிறேன், கூடவே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரும் இருக்கிறது. உன் மேலதிகாரியிடம் தப்பு என் அம்மாவுடையது என்று தாராளமாகச் சொல். உன் அப்பாவிடமும் மாமனிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன், திட்டினால் திட்டட்டும். முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும், தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே சாமி. முடிவு எப்படி வந்தாலும், எங்களுக்குச் சோறு இறங்காதே என்று பார்த்துக் குறைத்துச் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
முத்தாயம்மாள்