நான் விழுங்கிய மறுபாதி

மதினி, இன்று காலை ஆணியில் தொங்கிய கடலுக்குள் முங்கும்போது நீங்கள் மாட்டும் கண்ணாடியை எடுத்தேன். ரப்பரும் உப்பும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை.

கடல்பாசி எடுக்க முதல்முறை என்னை வல்லத்தில் ஏற்றிக் கூட்டிப்போன அன்று, கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்து, கடலில் அலசி எனக்கு மாட்டிவிட்டீர்கள். "தேய்க்கலைன்னா புகை மூடிரும். அப்புறம் பாசின்னு பாறையப் பிடிச்சு இழுப்ப" என்று சிரித்தீர்கள். வல்லத்தில் எல்லாரும் அப்படித்தான். ஒருத்தி கண்ணாடியை இன்னொருத்தி மாட்டிக்கொள்வோம்.

உங்கள் கழுத்துக் கட்டியை நிணநீர்க் கணுப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஏன் வந்தது என்று கேட்டீர்கள். "எப்ஸ்டீன் பார்னு ஒரு வைரஸ்மா. அக்கி வர வைக்கிற வைரஸோட குடும்பம். எச்சில் வழியாப் பரவும். ஆனா அநேகமா எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்துரும், எனக்குள்ளயும் இருக்கும். சும்மா கிடக்கும். ரொம்பச் சிலருக்குத்தான் இப்படி ஆகுது. உங்ககிட்டருந்து யாருக்கும் புற்றுநோய் ஒட்டாது" என்றார் டாக்டரம்மா.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அது புரிந்தது. வீட்டில் அம்மா கேட்டபோது "எச்சில் வழியாப் பரவுமாம்" என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மிரண்டு நிறுத்திவிட்டேன். மறுபாதியை விழுங்கினேன்.

மறுநாளே உங்களுக்குத் தனி டம்ளர். அம்மா வழியாகச் சேதி வல்லம் வரைக்கும் போயிற்று. வல்லத்தில் முருகாயி அக்கா, "ஏத்தா, ஒங் கண்ணாடிய எங்க சாமான்ல சேக்காத" என்றாள். "கடல்லயும் எச்சி துப்பிருக்கேன்க்கா, நாளைலருந்து நீ கம்மாயில பாசி தேடு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் உங்கள் கண்ணாடியை யாரும் தொடவில்லை.

எத்தனை வருஷம் உங்களோடு ஒரே தூக்குவாளியில் குடித்தார்கள்! உங்கள் எச்சில் அன்றைக்குத்தான் விஷமானதா? கண்மூடுவதற்கு முந்தைய மாதம் உங்கள் டம்ளரை நீங்களே கழுவிக் கவிழ்த்தீர்களே, அதைப் பார்த்தும் வாய் திறக்காத என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

இன்று வல்லத்தில் முருகாயி அக்கா, "அது அவ கண்ணாடில்ல?" என்றாள்.

கண்ணாடிக்குள் துப்பினேன். விரலால் தேய்த்தேன். "ஆமா. அந்த வைரஸ் எனக்குள்ளயும் இருக்கும், ஒங்களுக்குள்ளயும் இருக்கும்க்கா. டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. மதினிகிட்டருந்து யாருக்கும் ஒண்ணும் வந்திருக்காது."

இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன். அவள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டு குதித்தேன். வார் என் தலைக்கு இறுக்கம்தான் மதினி, நெற்றியில் தடம் விழுகிறது. நீங்கள் போட்ட முடிச்சை நான் அவிழ்க்கப்போவதில்லை.