தெருவைத் தாண்டாத தந்தி

சிவமயம்

காரைக்குடி
18.9.1966

என் மகன் சிரஞ்சீவி சோமுவுக்கு அப்பச்சி ஆசி சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்க ஆத்தாவும் உடம்புக்கு ஒண்ணும் குறைவில்லாம இருக்கோம். பினாங்கில் நீயும் உன் வீட்டாரும் சுகமா இருக்கச் சொக்கநாதர் துணை. நாலு வருஷங்கழிச்சு எழுதுறேன், அதனால நடந்ததை நடந்தபடி சொல்லிடுறேன்.

போன மாசம் முப்பத்தொண்ணாந்தேதி தந்திச் சேவகன் வந்தான். தந்தின்னதும் உங்க ஆத்தா தூணைப் பிடிச்சுக்கிட்டா. பிரிச்சுப் பார்த்தா இங்கிலீஷ்ல நாலே வார்த்தை, உமையாள் வந்தாச்சு ரெண்டுபேரும் சௌக்கியம்னு. பினாங்குல இருந்துன்னு இருந்துச்சு, அனுப்பினவன் பேரு இல்லை. மேலே அழகுசுந்தரம்னும் தெருப் பேரும்தான், முன்னெழுத்து இல்லை. அடேயப்பா, காசை மிச்சம் பிடிச்சியோ? இந்தத் தெருவுல அழகுசுந்தரம் ரெண்டு பேரு, உமையாள் ஆறு பேருன்னு உனக்குத் தெரியாதா? கோடிவீட்டு அழகுசுந்தரத்தோட மருமக உமையாள் அந்த வாரந்தான் புருஷன்கிட்டப் போகப் பினாங்குக்குக் கப்பல் ஏறியிருந்தா. அவுக தந்தி நமக்கு வந்துருச்சுன்னு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டுபேரும்னா புருஷனும் பெண்டாட்டியுந்தான்னு அர்த்தமும் சொன்னேன். கப்பல் இத்தனை வெரசாப் போயிருச்சேன்னு அவுக பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாக. எனக்கும் ஒரு மூடி கொடுத்தாக, தின்னேன்.

நேத்து அவுக மருமக கடுதாசி வந்திருக்கு, அஞ்சாந்தேதிதான் கரையேறினாளாம். கோடிவீட்டுக்காரர் தந்தியைத் திருப்பிக் கொண்டாந்து, போஸ்டாபீஸ்காரன் பிசகுன்னு வஞ்சுட்டுப் போனாக. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. உங்க ஆத்தா அந்தக் காகிதத்தை வாங்கி, இதுல என் பேரு எங்குட்டு இருக்குன்னு கேட்டா. காட்டினேன். அதுமேல விரலை வச்சுக்கிட்டு, கப்பலுக்கு முந்தி எவ வந்திருப்பா, இது நாந்தான்னு சொன்னா. முதப் பொண்ணுக்கு அப்பத்தா பேரு வைக்கிறது நம்ம வழக்கம்னு என் மரமண்டைக்கு அப்பத்தான் உறைச்சுச்சு.

என் அப்பச்சியைப் பெத்த ஐயா ரங்கூன்ல இருந்தப்ப, என் அப்பச்சி பிறந்த சேதி ஆள் கைமாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை தவழ்ந்துச்சாம். என் அப்பச்சி காலத்துல கப்பல் தபால், ஒரு மாசம். இப்ப டெல்லியில பேசுறது ரேடியோவுல உடனே கேக்குது. பினாங்குல இருந்து ஒரே நாள்ல வந்த சேதி, கோடிவீட்டுல இருந்து நம்ம வீட்டுக்கு வரத்தான் பதினேழு நாள் ஆச்சு. அதுல என் தப்புப் பாதி. உன் கிட்டயிருந்து சேதி வரும்னு எனக்குத் தோணவே இல்லை.

கல்யாணத்துக்குச் சம்மதம்னு நம்ம கோயில்ல கொடுக்கிற மாலையை வாங்காம நீ கட்டிக்கிட்டேன்னு, உன் பேரை இந்த வீட்டுல எடுக்கக்கூடாதுன்னா உங்க ஆத்தா. நானும் எடுக்கலை. அதுக்குப் பயந்தோ என்னமோ நீயும் தந்தியில உன் பேரை விட்டுட்டு ஆத்தா பேரைப் போட்டிருக்கே.

நம்ம மருமக பேரென்ன, எழுது. தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர்தான் கொடுக்கணும், குளிர்காத்துப் படக்கூடாது, இது உங்க ஆத்தா சொன்னது. மூணுபேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. இனிமே எது அனுப்பினாலும் முன்னெழுத்தைப் போடு, உன் பேரையும் போடு.

எழுதி முடிச்சு, உறைமேல யாரு பேரை எழுதட்டும்னு உங்க ஆத்தாகிட்டக் கேட்டேன். உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் சோமுன்னு சொன்னா.

இப்படிக்கு
அப்பச்சி
சோ. அழகுசுந்தரம்