வடிக்காத வயல்

உன் வயல் அரிசி இப்போது என் அடுப்பில் கொதிக்கிறது. கஞ்சி வாசனை வாசல்வரை வந்துவிட்டது. சோதனைச்சாலைக் காகிதம் காலையில்தான் வந்தது: சாப்பிடலாம். அந்த ஒரு சொல்லைக் கேட்க நீ இல்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

ஓடைக்கு மேலே இருந்த முலாம் பூசும் பட்டறையை மூடி எத்தனையோ வருடமாகியும், அது விட்ட கழிவின் காட்மியம் உன் மண்ணைவிட்டுப் போகவில்லை. சுண்ணாம்பு போடுங்கள், கதிர் வந்ததிலிருந்து மணி முற்றும்வரை தண்ணீர் நிற்கட்டும், மண் காய்ந்தால் அந்த விஷம் இளகி நெல்லுக்கு ஏறிவிடும் என்று வேளாண் அலுவலர் அம்மா சொன்னதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். சாரல் கட்டி நாங்களெல்லாம் குற்றாலத்துக்குக் கிளம்பினாலும் வரமாட்டாய். மண்வெட்டியோடு வரப்பில் குனிந்து, "ஏலே, நண்டு வளை போட்டிருக்கு, தண்ணி ஒழுவுது" என்பாய். பெற்ற பிள்ளையைக்கூட எவனும் இப்படிக் காவல் காக்க மாட்டான் என்று நான் கேலி செய்வேன்.

போன ஆவணியில் காய்ச்சலோடு தென்காசி ஆஸ்பத்திரியில் படுத்தாய். அந்த வாரம்தான் அறுப்பு மெஷின் வரும் தேதியைச் சொன்னார்கள். ஈர வயலில் மெஷின் புதையும்; அறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடிப்பது நம் ஊர் வழக்கம். உனக்கு உதவுவதாக நினைத்து, மணி பால் பிடித்து நின்ற உன் வயலின் மடையை நானே வெட்டிவிட்டேன். நீ சொன்னதெல்லாம் தெரிந்திருந்தும் கைப்பழக்கம் முந்திக்கொண்டது.

அந்த நெல் சோதனையில் தேறவில்லை. "யாருக்கு அண்ணாச்சி தெரியப்போவுது, ஏத்திவிடுங்க" என்றார் வியாபாரி. "எனக்குத் தெரியுமே" என்றாய். மூட்டைகளைக் கோழிக்குக்கூடக் காட்டாமல் ஒதுக்கிவைத்தாய். என்னைப் பார்த்து, "விடுலே, எனக்காகத்தான தொறந்தே. அடுத்த வெள்ளாமையில பாப்போம். மொதச் சோறு நாம ரெண்டு பேரும் திம்போம்" என்றாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தை மாதம் நெஞ்சுவலி வந்தது. அடுத்த வெள்ளாமைக்கு நீ நிற்கவில்லை.

இந்தக் கார் பருவத்தில் உன் மனைவியிடம் கேட்டு உன் வயலை நான்தான் பார்த்தேன். சுண்ணாம்பு இட்டேன், நண்டு வளை அடைத்தேன். மெஷின் வந்தது, போனது, நான் மடையைத் தொடவில்லை. மணி முற்றியபின் முழங்கால் சேற்றில் ஆள்விட்டு அரிவாளால் அறுத்தோம். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். இப்போதெல்லாம் யார் வயலிலும் மடையைக் கண்டால் என் கை தானாகப் பின்னுக்குப் போகிறது.

சற்றுமுன் உன் மனைவி போன் செய்தார். "மொத வாய் நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி. அவுக ஆசை அதான்" என்றார்.

இதோ தட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாய் வைத்தேன். ஏலே, சோறு நல்லாத்தான் இருக்கு. உனக்கும் சேத்து இன்னொரு வாய் வைக்கேன்.