மிளகாய் நெடியில் பாடிய பாட்டு

புசல்லாவை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு அத்தானுக்கு,

சுகிர்தா எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் இங்கே சுகம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும்.

போனில் உங்கள் பாட்டுப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் அறையில் இருக்கும் ரவிகுமார் அண்ணன் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது, பாருங்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கண்டியில் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். இங்கே மழை விடவேயில்லை. குசினிக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது.

கண்டிக்குப் போன கையோடு அம்பிட்டியவுக்கும் போய்ச் சுதேஷ் அண்ணனைப் பார்த்தோம். உங்கள்மேல் அவருக்கு நல்ல கோபம். அவருடைய நாடகத் தொடருக்கு நீங்கள் போட்ட மெட்டை மூன்று பேர் பாடிக் கொடுத்தும் மூன்றையும் வேண்டாம் என்றுவிட்டீர்களாம். டம்மியில் இருக்கும் உயிர் எதிலும் இல்லை என்கிறீர்களாம்.

எந்த டம்மி? போன லீவில் வந்தபோது, வரி எழுதும்வரை வாய்க்கு வந்ததைப் பாடு என்று குசினியில் போனை நீட்டினீர்களே, அதுதானே? பாணும் முடிஞ்சிருச்சு, பருப்பும் முடிஞ்சிருச்சு என்று நான் பாடி வைத்தது. நடுவில் ஓர் இடத்தில் நின்றேனே, அது செத்தல் மிளகாய் தாளித்த நெடி தொண்டையில் ஏறியதால். அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தச் சொல்லி, மூன்றாவதாகப் பாடிய ஆஸிகா டீச்சரை வாட்டி எடுத்தீர்களாமே! பாவம், அவர் அதை ஏதோ பெரிய சங்கதி என்று நினைத்துப் பயிற்சி செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அழுதேன். ரவிகுமார் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். வேலை முடிந்து வந்தால் காதில் மாட்டிக்கொண்டு அதையேதான் கேட்கிறீர்களாம். நீங்கள் கேட்பது பாட்டை இல்லை. அதுகூடவா எனக்குத் தெரியாது?

ஆஸிகா டீச்சர் பாடியதைச் சுதேஷ் அண்ணன் போட்டுக் காட்டினார். முதலில் எனக்கும் பொறுக்கவில்லை, என் பாட்டை வேறொருத்தி பாடுகிறாளே என்று. மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்கள் மெட்டு இவ்வளவு அழகென்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நான் பாடியதில் பருப்புத்தான் தெரிகிறது, அத்தான்.

இந்த மாதத்துக்குள் நீங்கள் சரி சொல்லாவிட்டால் சுதேஷ் அண்ணன் வேறொருவரின் மெட்டை எடுத்துவிடுவாராம். சரி சொன்னால் தொடர் முழுவதற்கும் இசை உங்களுடையது. கண்டியிலேயே இருந்து வேலை செய்யலாம். நாம் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே? ஊருக்கு வரும் வழி திறந்திருக்கும்போது, அந்தப் பதிவைக் காதில் வைத்துக்கொண்டு நீங்களே அதை அடைக்கிறீர்கள். எனக்கு அந்தக் குரல்மேல் பொறாமையாக இருக்கிறது. அது உங்களோடு இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன்.

கதிர்காமக் கந்தன் உங்களுக்கு நல்ல புத்தியையும் நல்ல சுகத்தையும் தரட்டும். ஆஸிகா டீச்சரின் பாட்டுக்குச் சரி என்று சுதேஷ் அண்ணனுக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள். பிறகு அந்த டம்மியை அழித்துவிடுங்கள். என் குரலைக் கேட்காமல் உங்களுக்குத் தூக்கம் வராது, தெரியும். தூக்கம் வராவிட்டால் போகட்டும், நீங்கள் வாருங்கள்.

உங்களைத் தவிர வேறொன்றும் கேட்காத,
சுகிர்தா