கம்ப்யூட்டர் அறையைப் பெருக்க விட்டார்கள், படிக்க விடவில்லை

அனுப்புநர்
ஜமீலுன்னிசா,
க/பெ. காலஞ்சென்ற ஹபீபுர் ரஹ்மான்,
மயிலாப்பூர், சென்னை-4.

பெறுநர்
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: என் பேத்தி ஜோயாவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் மறுக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை. பள்ளியின் பெயரை உறைமேல் எழுதியுள்ளேன்.

2. அங்கே கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏ.சி. போட்ட தனி அறை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு வகுப்பு. என் பேத்தி படித்த தமிழ் மீடியத்துக்கு ஒரு வகுப்பும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் அந்த அறையைப் பெருக்குவது தமிழ் மீடியம் பிள்ளைகளின் முறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய்ப் பெருக்கிவிட்டு வருவார்கள்.

3. போன வருஷம் ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி படைத்தார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. லீவு முடிந்து திறந்தால் மேஜை முழுக்க எறும்பு. அந்த வாரம் ஜோயாவின் முறை. சுத்தமாக இருக்கணும் என்று டீச்சர் சொன்னார். குழந்தை ஈரத்துணியைப் பிழிந்து மேஜையைத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் போகவில்லை என்று கீபோர்டையும் பெட்டியையும் நன்றாகத் துடைத்தாள். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது. அந்த ஒன்று கெட்டுப்போனது.

4. என் பேத்தி செய்யவில்லை என்று நான் பொய் சொல்ல வரவில்லை. செய்தாள். கம்ப்யூட்டரில் தண்ணீர் படக்கூடாது என்பது முதல் கம்ப்யூட்டர் வகுப்பிலேயே சொல்லித் தருகிற பாடமாம். ஜோயாவின் வகுப்புக்கு அந்த முதல் வகுப்பே நடக்கவில்லை. இதற்கு யார் பதில் சொல்வது?

5. பத்தாவதில் கணக்கில் 94 வாங்கியிருக்கிறாள். கம்ப்யூட்டர் குரூப் கேட்டுப் போனோம். தலைமை ஆசிரியை விசாலாக்ஷி அம்மா, மற்ற பெற்றோர்கள் நிற்கும்போதே, "உங்க பேத்தி கை வெச்சா மெஷினுக்கு மூச்சு போயிடும், ஹோம் சயின்ஸ்ல சேர்த்துடுங்கோ" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஜோயா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

6. ஐயா, இந்தப் பள்ளிக்கு இது புதிதல்ல. 1974-ல் தையல் மெஷின்கள் வந்தன. அப்போது என் மகள் குல்சும், அதாவது ஜோயாவின் தாயார், அங்கே ஒன்பதாவது. கெட்டுப்போய்விடும் என்று உறை போட்டே வைத்தார்கள். ஒருநாளும் தொடாமலே அவள் படிப்பு முடிந்தது. உறையை எடுத்தபோது துரு. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்து நாலு வருஷமாக அது என் நெஞ்சில் இருக்கிறது.

7. இப்போது ஜோயா வீட்டில் டி.வி. சுவிட்சைப் போடக்கூட என்னிடம் கேட்கிறாள். மிக்ஸி பக்கம் போவதில்லை. கெட்டுப்போயிடும் நன்னிமா என்கிறாள். இந்தப் பயம் படிந்துவிட்டால் பிறகு எந்தக் குரூப் கொடுத்து என்ன பிரயோஜனம்?

8. வரும் வெள்ளிக்கிழமை பதினொன்றாம் வகுப்புப் பட்டியலை மூடுகிறார்களாம். அதற்கு முன் தாங்கள் தலையிட்டு, அவளைக் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்க்க உத்தரவிட வேண்டும். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு வைக்கச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த அறையைப் பெருக்க அவர்களை அனுப்பக் கூடாது. செய்த தவறுக்குத் தண்டனை உண்டென்றால் கொடுங்கள், ஆனால் படிப்பைப் பிடுங்குவது தண்டனையாக இருக்கக் கூடாது.

9. பதிலைப் பள்ளிக்கு அனுப்பினால் எங்கள் கைக்கு வராது. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். ஆகவே வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும்போதே ஜோயாவைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பேன். வேலை முடிந்ததும் கூப்பிட்டால் போதும், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம். அவளைத் தாங்களே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
ஜமீலுன்னிசா
(கையொப்பம்)

இடம்: மயிலாப்பூர்
நாள்: 8-6-1998