கயிறு கட்டிய சதுரத்தில் எடுத்த புதிர்

என் அன்பான சுகந்தி அக்கா,

நீங்கள் இருக்கும் இடத்துக்கு நாரந்தனைக் காற்று வருகிறதோ தெரியாது. வந்தால் இந்தக் கிழமை அதில் புது நெல் மணம் இருக்கும். தைப்பூசம் முடிந்து நாலு நாள்தான். நோய் உங்களைக் கொண்டுபோன பிறகு வந்த முதல் தைப்பூசம்.

நான் அதிகம் கதைக்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லாமல் விட்ட நன்றி ஒன்று என்னிடம் கிடக்கிறது.

நீங்கள் ஆராய்ச்சி செய்து எடுத்த நெல் உப்பு நிலத்தில் வருமா என்று பார்க்க எங்கள் வயலைக் கேட்டு வந்தீர்கள். அப்பா சிரித்தார். "அந்த நிலத்தில மாடும் மேயாது பிள்ளை. விதையுங்கோ. உங்கட விதை, உங்கட பாடு."

நெல் வந்தது. கதிரின் நுனி மட்டும் சிவப்பு. முற்றிய நேரம் வயலின் நடுவில் ஒரு சதுரத்துக்குக் கயிறு கட்டினீர்கள். "இதை மட்டும் தொடாதேங்கோ. இதை வெட்டி நிறுத்துத்தான் விளைச்சல் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? அந்த வருடத் தைப்பூசத்தன்று அம்மா அந்தச் சதுரத்துக்குள்ளேயே புதிர் எடுத்தார். முதல் கதிரைச் சாமிக்கு வைத்து, புது அரிசியில் சோறு சமைக்கும் நாள். வயலில் ஆக நல்லதைத்தானே எடுக்க வேண்டும்? கயிறு கட்டிக் காத்த இடம்தான் ஆக நல்ல இடம் என்று அம்மா நினைத்துவிட்டார். ஒரு பிடி என்று தொடங்கியது, பாதிச் சதுரம் போய்விட்டது.

அடுத்த நாள் நீங்கள் தராசோடு வந்தபோது நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"கோவிக்காதேங்கோ பிள்ளை, சாமிக்கெண்டு வெட்டினது" என்றார் அம்மா. "மிச்சம் சோறாய்க் கிடக்கு."

தராசைக் கீழே வைத்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "அப்ப சோத்தைப் போடுங்கோ அம்மா. நிறுக்க ஏலாது, திண்டாவது பாப்பம்."

சாப்பிட்டுக்கொண்டே கேட்டீர்கள். சோறு பிடிச்சுதோ? தண்ணி ஊத்தி வைச்சால் காலமை வரைக்கும் தாங்குதோ? வைக்கலை மாடு தின்னுதோ? கடைசிக் கேள்விக்கு நான்தான் கதவுக்குப் பின்னால் இருந்து, "ஓம், விரும்பித் தின்னுது" என்றேன். உங்களோடு நான் பேசிய முதல் பேச்சு. நீங்கள் கொண்டுவந்த விளைச்சல் படிவத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினீர்கள். "இதைத்தான் நான் முதலே கேட்டிருக்கோணும்" என்றீர்கள். அதன் பிறகு நான் உங்கள் பின்னாலேயே வயலுக்குள் திரிந்தேன்; மிச்ச நெல்லை விதைக்கு வைத்து நாங்கள் அதையே விதைத்தோம்.

அக்கா, நேற்று நீங்கள் வேலை செய்த விவசாய ஆராய்ச்சிக் கந்தோரில் இருந்து, உங்கள் விதையைத் தொடர்ந்து வைத்திருப்பதா என்று பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். நல்ல நிலத்தில் உங்கள் நெல் மற்ற நெல்லைவிடக் குறைவாக விளைகிறதாம். "விதை கேட்டு ஒரு கமக்காரரும் எங்களிட்டை வரேல்லை. பிரயோசனமில்லை எண்டுதானே அர்த்தம்?" என்றார் அவர்களில் பெரியவர். அப்படி எழுதினால் இந்த விதையை அங்கே வைத்திருக்கமாட்டார்கள். ஒரு மழைக்குக் கடல்தண்ணீர் ஏறி எங்கள் விதை கெட்டால் திரும்ப எங்கே போய் எடுப்பது?

அப்பா என்னைப் பார்த்தார். "நீதானே அவவோட வயலுக்கை திரிஞ்சனி. சொல்லன். வாயை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறியோ?"

"வாங்கோ, காட்டுறன்" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசல் நிலைக்கு மேலே புதிர்க் கதிர் கட்டியிருந்தது. நுனி சிவப்பு. அடுத்த வீட்டிலும் சிவப்பு. வேதக்கார அந்தோனி அண்ணை வீட்டில் புதிர் எடுப்பதில்லை. ஆனால் முற்றத்தில் அதே நெல்லின் வைக்கல், அதைத் தின்றபடி மாடு. கடைசியில் பரிமளம் மாமி வீடு.

"ஓம், இவையின்ர வீட்டு நெல்தான். ஒரு சுளகு வாங்கி விதைச்சனான்" என்றார் மாமி. "கந்தோருக்கு ஏன் வாறது? வந்தால் கதிரையில இருத்திப் பொழுதுபட விடுவியள்."

பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேனையை எடுத்தவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதை எங்கை எழுதுறது? இடமில்லையே."

"பின்பக்கத்தில எழுதுங்கோ சேர்" என்றேன். "சுகந்தி அக்கா அப்பிடித்தான் எழுதினவ."

அவர் தாளைத் திருப்பினார். மாமி வீட்டு வாசல் படலையில் வைத்தே எழுதினார், கன நேரம். போகும்போது விதையைக் கைவிடமாட்டோம் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

ஒரு ஆராய்ச்சி நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வார்கள் அக்கா? நீங்கள் எழுதிய கட்டுரைகளை நான் வாசித்ததில்லை. வாசித்தாலும் விளங்காது. ஆனால் மாடும் மேயாத நிலத்தில் விளைந்ததை நாங்கள் சாப்பிடுகிறோம். இதை நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

இனி ஒவ்வொரு வருடமும் அந்தச் சதுரத்துக்கு நானே கயிறு கட்டுவேன். நானே வெட்டி, நிறுத்து, கொப்பியில் எழுதுவேன். அம்மா அரிவாளோடு வந்தால் மற்றப் பக்கத்தைக் காட்டுவேன். கேட்காவிட்டால் ஒரு பிடி விட்டுக்கொடுப்பேன். அதையும் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன்.

உங்கள் நெல்லில் சோறு தின்னும் தங்கச்சி,
வதனி
நாரந்தனை